வீழ்ந்த மனையும் வீழ்ந்த மரமும் உரைத்த சரித்திரம்

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன், மன்னர் முடிசூடியதும், படையெடுத்துச் சென்றதும், கோட்டை கொத்தளங்கள் இடிந்ததுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. ஒரு குடியானவனுடைய கூரை பறந்து போனதும், அவன் பாட்டன் நட்டுவைத்த மரம் வேரொடு சாய்ந்ததும் சரித்திரமாக எண்ணப்படுவதில்லை. ஆயினும், ஒரு பெரிய சாஸ்திரம் முழுவதும் இத்தகைய எளியோர் மனைகளின் வீழ்ச்சியையும் மரங்களின் வீழ்ச்சியையும் ஒருவர் பின் ஒருவராகப் பலர் பொறுமையுடன் பார்த்துக் குறித்து வைத்ததனாலேயே பிறந்து வளர்ந்தது என்பதை அறியின், நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தினரும் வியப்பெய்துவர். அச் சாஸ்திரமே சுழற்காற்றைப் பற்றியது. அது கிராமங்களிடமிருந்து யாது பெற்றது, பெற்ற கடனை எத்துணைக் காலம் திருப்பித் தாராதிருந்தது, அதனால் விளைந்த கேடு யாது என்பவற்றை இவ்வியாசத்தில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

சுழற்காற்றின் இயல்பு

மேலைநாட்டார் டோர்னேடோ என்று வழங்குவதையே நாம் ஈண்டுச் சுழற்காற்று என்கின்றோம். இதனைப் புயலோடு மயங்கலாகாது. புயல் கடலிற் பிறப்பது. நூற்றுக்கணக்கான மைல் அகலமுடையது. கரையை அடையுமுன் நாட்கணக்கில் கடலிலே திரிவது. சுழற்காற்றோ பெரும்பாலும் தரையின்மேல் இடிமேகத்தினின்று இறங்குவது. அதன் அகலம் சில கெஜம் முதல் இரண்டரை மைலுக்குச் சற்று மேற்பட்டது வரையே இருக்கும். ஓரிடத்தைக் கடந்து செல்ல அதற்குச் சில நிமிஷங்களே போதும். கோடையில் நம் களத்துமேட்டிலே சருகையும் புழுதியையும் வாரிச் சுழலும் சூறைக்காற்று வேறு. அதற்கு மேகம் வேண்டுவதில்லை. இது கருமேகத்தின் வயிற்றினின்று தொங்கும் துதிக்கை போன்றது.

தரையை ஒட்டி வெப்பமும் ஈரமும் மிக்க காற்றும், அதன்மேல் குளிர்ந்து உலர்ந்த காற்றும் அமைந்து, உயரம் செல்லச் செல்லக் காற்றின் திசையும் வேகமும் மாறுபடுமாயின், மேலெழும் இடிமேகமே சுழலத் தொடங்கும். அச்சுழற்சி குறுகித் தரையைத் தொடும்போது பேராற்றல் பெறுகின்றது. இவ்வமைப்புக்கு ஏற்ற நிலங்கள் உலகில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, மெக்ஸிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கு மலைகளின் வறண்ட காற்றும் சந்திக்கும் வட அமெரிக்கச் சமவெளி. மற்றொன்று, வங்கக்கடலின் ஈரமும் வடமேற்கின் வெப்பக்காற்றும் பங்குனி முதல் வைகாசி வரையிற் சந்திக்கும் வங்கநாடு.

இக்காற்றின் வேகத்தை நேரே அளப்பது எளிதன்று. அது வரும் வழியில் கருவி இருப்பதே அரிது. இருப்பினும் கருவியும் அதனைத் தாங்கும் கம்பமும் முதலிற் பறந்துவிடும். ஆகவே, காற்று சென்ற பின்னர், அது விட்டுச்சென்ற சிதைவைக் கண்டே அதன் வலிமையை ஊகிக்க வேண்டியதாயிற்று. வீழ்ந்த வீடும் வீழ்ந்த மரமும் இவ்வாறே சாட்சிகளாயின.

சேணம் தைத்தவர் கண்ட உண்மை

இச்சாட்சியை முதன்முதலாக நன்கு விசாரித்தவர் கலாசாலைப் பண்டிதரல்லர், ஒரு கைத்தொழிலாளர். அமெரிக்காவின் கனெக்டிகட் நாட்டில் மிட்டில்டவுன் நகரையடுத்து வாழ்ந்த வில்லியம் ரெட்பீல்டு என்பார் குதிரைச் சேணமும் வாரும் தைக்கும் தொழில் பயின்றவர். 1821-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 3-ந் தேதி அந்நாட்டின் கீழ்கரையை ஒரு பெரும்புயல் தாக்கியது. இது கடலிற் பிறந்த புயலே ஆயினும், நாம் கூறும் சரித்திரத்துக்கு இதுவே தொடக்கம். அது ஓய்ந்த பின், ரெட்பீல்டு தம் ஊரிலிருந்து மேற்கே மலைப்பக்கம் பிரயாணம் செய்ய நேர்ந்தது. தம் ஊர்ப்பக்கத்தில் மரங்களெல்லாம் வடமேற்கே தலைசாய்த்து வீழ்ந்திருக்கக் கண்ட அவர், நெடுந்தூரம் சென்றபின் அதே புயலில் வீழ்ந்த மரங்கள் தென்கிழக்கே தலைசாய்த்துக் கிடப்பதைக் கண்டார்.

வழிச்செல்வோர் பலரும் அம்மரங்களைக் கண்டிருப்பர். "ஐயோ, எத்துணைச் சேதம்!" என்று வருந்தியுமிருப்பர். ரெட்பீல்டு ஒருவரே, ஒரே காற்று இரண்டிடங்களில் எதிரெதிராக வீசியது எவ்வாறு என்று தம்மைத்தாமே வினவினார். அக்காற்று ஒரு பெருஞ்சக்கரம்போற் சுழன்றுகொண்டே நகர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கண்ட விடை. பத்தாண்டு அதனை உள்ளத்திலே வைத்து ஆராய்ந்து, 1831-ம் வருஷத்தில் வெளியிட்டார். பிற்காலத்தில், 1848-ல், அமெரிக்க சாஸ்திர முன்னேற்றச் சங்கத்தின் முதல் தலைவராக அவரை அந்நாட்டு அறிஞர் அமர்த்தினர். கைத்தொழில் செய்வோனுக்குக் கண்கூர்மையும் பொறுமையும் இயல்பாக அமைவன. அவை எந்தக் கல்விக்கும் குறைந்தன அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

இரு கட்சியாரும் ஒரே தோப்பும்

ரெட்பீல்டின் கொள்கையைப் பிலடெல்பியா நகரத்துப் பள்ளியாசிரியராயிருந்த ஜேம்ஸ் எஸ்பி என்பார் மறுத்தார். வெப்பமும் ஈரமும் உள்ள காற்று நடுவே மேலெழும். அவ்விடத்தை நிரப்பச் சுற்றுமுள்ள காற்று நாற்புறமிருந்தும் நடுநோக்கி ஓடும். ஆகையால் மரங்கள் நடுவை நோக்கியே வீழும் என்பது அவர் வாதம். 1835-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி நியூஜெர்ஸி நாட்டில் நியூ பிரன்ஸ்விக் நகரை ஒரு சுழற்காற்று அழித்தது. எஸ்பியும், பெஞ்சமின் பிராங்க்ளினின் கொள்ளுப்பேரராகிய அலெக்ஸாண்டர் பேச் என்பவரும் அங்கே சென்று மரங்களின் கிடக்கையை அளந்து, அவை நடுநோக்கி வீழ்ந்தன என்றனர். ரெட்பீல்டும் அதே இடத்துக்குச் சென்று அளந்து, அவை சுழற்சியையே காட்டுகின்றன என்றார். கிடந்த மரங்கள் ஒன்றே. கண்டவர் கண் இரண்டு.

இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது. இன்றுள்ள அறிவைக்கொண்டு நோக்கின், இரு கட்சியாரும் பாதி உண்மை கண்டவரே. காற்று நடுநோக்கி ஓடுகின்றது, சுழலவும் செய்கின்றது, மேலெழவும் செய்கின்றது, அத்தோடு முழுச்சுழலும் ஒரு திசை நோக்கி நகர்கின்றது. பூமத்தியரேகைக்கு வடக்கே இச்சுழற்சி பெரும்பாலும் இடஞ்சுழியாக நிகழ்வதால், அது செல்லும் வழிக்கு வலப்புறத்தில் சுழற்சியும் நகர்ச்சியும் ஒன்றுகூடிச் சேதம் மிகுகின்றது. இடப்புறத்தில் ஒன்றையொன்று குறைக்கின்றது. இவ்வளவும் வீழ்ந்த மரங்களின் தலை எத்திசை நோக்கியது என்பதனைக் குறித்ததனால் விளங்கியதேயாம்.

நம் பாரத தேசத்திலும் இவ்வாராய்ச்சி அக்காலத்திலேயே நிகழ்ந்தது. 1838-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கல்கத்தாவுக்குக் கிழக்கேயுள்ள கிராமங்களின் வழியே ஒரு சுழற்காற்று சென்றது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஒரு மூங்கில் ஐந்தடிக் கனமுள்ள சுவரை ஊடுருவி நின்றதென்று அக்காலக் குறிப்பு கூறுகின்றது. அந்நகரில் உத்தியோகம் வகித்த ஹென்றி பிடிங்டன் என்பவரே, பாம்பு சுருண்டு கிடப்பது போன்ற காற்று என்னும் பொருளமைய, சைக்ளோன் என்னும் சொல்லைப் படைத்து உலகுக்குத் தந்தவர்.

நூறு கூற்றும் இருபத்தெட்டு உண்மையும்

அமெரிக்காவின் நடுப்பகுதியிற் குடியேற்றம் பெருகப் பெருக, மரச்சட்டத்தாலும் பலகையாலும் அமைந்த பண்ணை வீடுகள் வெட்டவெளியிலே தனித்தனியாக எழுந்தன. சுழற்காற்றுக்கு இரையாவதற்கு இவற்றினும் எளிய பொருள் வேறில்லை. 1879-ம் வருஷம் மே மாத இறுதியில் கான்ஸஸ் முதலிய நாடுகளில் பல சுழற்காற்றுகள் வீசிய பின்னர், அந்நாட்டுப் படையின் செய்திப் பிரிவைச் சேர்ந்த ஜான் பின்லி என்னும் இளைஞர் சேதங்களை ஆராய அனுப்பப்பட்டார். அவரும் உழவர் குடியிற் பிறந்தவரே. அவர் பண்ணை பண்ணையாகச் சென்று, எந்த வீடு அஸ்திவாரத்தினின்று எத்திசை பெயர்ந்தது, எந்த வேலி எவ்வளவு தூரம் போயிற்று, எந்த மரம் முறிந்தது, எது வேரொடு சாய்ந்தது என்பனவற்றை விசாரித்து எழுதினார். பின்னர் அறுநூறு சுழற்காற்றுகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார். நாடெங்கும் தமக்குச் செய்தி அனுப்புவோரை ஏற்படுத்தினார். நிலத்தடியில் ஓர் அறை தோண்டி வைத்துக்கொள்ளுமாறு உழவர்க்கு அறிவுறுத்தினார்.

1884-ம் வருஷத்தில் அவர் இன்ன பகுதியில் இன்று சுழற்காற்றுக்கு இடமுண்டு, அல்லது இல்லை, என்று முன்னறிந்து கூறும் பரீட்சையைத் தொடங்கினார். மொத்தம் 2,803 கூற்றுகள். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் பலித்தன என்று அவர் கணக்கிட்டார். கில்பர்ட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி உடனே ஒரு நகை விளைக்கும் உண்மையைக் காட்டினார். ஒருவன் ஒன்றுமே ஆராயாது, எந்நாளும் எவ்விடத்தும், "சுழற்காற்று இல்லை" என்றே சொல்லி வந்திருப்பின், அவன் கூற்று நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் பலித்திருக்கும்!

இக்கணக்கு சரியானதே. ஆயினும் அதன் உட்பொருளை நம் அன்பர்கள் நிதானித்து நோக்க வேண்டும். "இல்லை" என்றே சொல்பவன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உண்மை சொன்னாலும், அவனால் ஓர் உயிரும் பிழையாது. பின்லி "உண்டு" என்று சொன்னது நூறு முறை. அவற்றுள் பலித்தது இருபத்தெட்டு. நேர்ந்த ஐம்பத்தொரு நிகழ்ச்சிகளில் இருபத்தெட்டை, அதாவது பாதிக்கு மேற்பட்டதை, அவர் முன்னரே கண்டார். தந்தியும் தேசப்படமும் தவிர வேறு கருவி இல்லாத காலத்தில் இது சிறு செயலன்று.

சொல்லக்கூடாத சொல்

இரவிற் பாம்பைப் பாம்பென்று சொல்லாது பூச்சியென்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்பது பாட்டிமார் கருத்து. சாஸ்திரத்தில் மிகச் சிறந்த ஒரு நாட்டிலும் இத்தகையதோர் ஏற்பாடு நேர்ந்ததென்றால் நம்புவது அரிது. 1880-களின் பிற்பகுதியில், வானிலை முன்னறிவிப்புகளில் டோர்னேடோ என்ற சொல்லே வரலாகாது என்று மேலதிகாரிகள் முடிவு செய்தனர். அச்சொல்லைக் கேட்ட ஜனங்கள் பீதியடைந்து ஓடுவர். காற்றினால் விளையும் கேட்டினும் பீதியினால் விளையும் கேடு பெரிதாகும். நம்மால் இதனைச் சரியாகக் கூறவும் இயலாது என்பன அவர்கள் கூறிய காரணங்கள். பின்லி வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். அவர் அமைத்த செய்தியாளர் கூட்டம் கலைந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அச்சொல் தடுக்கப்பட்டிருந்தது.

அவ்வரை நூற்றாண்டின் நடுவேதான் 1925-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி வந்தது. அன்று புதன்கிழமை. நண்பகலுக்குப் பின் ஒரு மணியளவில் மிஸ்ஸௌரி நாட்டில் எல்லிங்டன் என்னும் ஊரினருகே ஒரு சுழற்காற்று தரையைத் தொட்டது. வடகிழக்கு நோக்கி மணிக்கு அறுபது மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அது நகர்ந்தது. மிஸ்ஸிஸிப்பி ஆற்றைத் தாண்டி இல்லினாய் நாட்டையும், அதனைக் கடந்து இந்தியானா நாட்டையும் ஊடறுத்து, மூன்றரை மணி நேரத்தில் 219 மைல் சென்று ஓய்ந்தது. இந்நீண்ட வழி முழுவதும் ஒரே சுழற்காற்றினதா என்பதிற் பிற்காலத்தாருக்கு ஐயம் உண்டு, சேதத்தில் ஐயமில்லை. மாண்டோர் 695 பேர். காயமுற்றோர் இரண்டாயிரவர்க்கு மேற்பட்டோர். அழிந்த வீடுகள் ஏறத்தாழ 15,000.

ஆற்றங்கரையிலிருந்த கோர்ஹாம் என்னும் சிற்றூர் தரைமட்டமாயிற்று. ரெயில்வே பட்டறைகள் நிறைந்த மர்பிஸ்பரோ நகரில் மட்டும் 234 பேர் மாண்டனர். வீழ்ந்த வீடுகளில் தீயும் பற்றிக்கொண்டது. டிஸோட்டோ என்னும் ஊரிற் பள்ளிக்கூடம் இடிந்து 33 குழந்தைகள் இறந்தன. வெஸ்ட் பிராங்க்போர்ட்டில் ஆடவர் பலர் நிலக்கரிச் சுரங்கத்தினுள் வேலை செய்துகொண்டிருந்தனர். மின்சாரம் நின்றதனால் மேலேறி வந்தவர்கள், தம் மனைவி மக்களை இடிபாட்டிலே தேட நேர்ந்தது. பூமிக்கடியில் இருந்தோர் பிழைக்க, பூமியின்மேல் வீட்டில் இருந்தோர் மாண்டனர். நிலத்தடி அறை வேண்டுமென்று பின்லி எழுதி அப்பொழுது நாற்பதாண்டு ஆகியிருந்தது! இந்தியானாவில் கிரிபின் என்னும் ஊரில் சேதமின்றி நின்ற வீடு இல்லையெனலாம். இவ்வூர்களுக்கு இடையேயிருந்த பண்ணைகளில் களஞ்சியங்களும் கால்நடைகளும் காடுகளும் பழத்தோட்டங்களும் அழிந்தன. தெற்கு இல்லினாய் ஆப்பிளுக்கும் பீச்சுக்கும் பேர்போன நிலம்.

பலர் ஏன் ஓடி ஒளியவில்லை? அக்காற்று வழக்கமான துதிக்கை வடிவிலே தோன்றவில்லை. தரையிலே உருண்டுவரும் கரும்புகை அல்லது மூடுபனி போலத் தோன்றிற்று. உழவர் வானத்தைப் பார்த்து, மழை வருகிறதென்றே எண்ணினர். வேறு எண்ணுமாறு அவர்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கடமைப்பட்டவர்க்கோ அச்சொல் தடுக்கப்பட்டிருந்தது. அன்று முன்னறிவிப்பு இருந்திருப்பின் அனைவரும் பிழைத்திருப்பர் என்று நாம் கூறோம். ஆனால் மேற்கேயிருந்த ஊர் அழிந்த செய்தி கிழக்கேயிருந்த ஊருக்கு எட்டுவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது. அது எட்டவில்லை. கிராமங்கள் தம் சிதைவுகளைச் சாட்சியாகத் தந்து ஈட்டிக்கொடுத்த அறிவு, அக்கிராமங்களுக்கு வேண்டிய நாளில் பூட்டிய பெட்டியில் இருந்தது.

கடன் தீரத் தொடங்கியது

தடை 1938-ல் தளர்ந்தது. எனினும் அச்சொல்லை வழங்க அதிகாரிகள் அஞ்சியே வந்தனர். 1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி ஓக்லஹோமா நாட்டிலுள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு சுழற்காற்று தாக்கி, விமானங்கள் பலவற்றை நொறுக்கியது. படைத்தலைவர் கட்டளைப்படி பாபுஷ், மில்லர் என்னும் இரு அதிகாரிகள் பழைய நிகழ்ச்சிகளை ஆராய்ந்தனர். ஐந்தே நாளில், 25-ந் தேதி, வானிலை அதே நிலையில் அமைந்திருக்கக் கண்டு, பிற்பகலில் முன்னறிவிப்பு விடுத்தனர். மாலையில் அத்தளத்தையே மீண்டும் ஒரு சுழற்காற்று தாக்கியது. 1950-ல் தடை முற்றும் நீங்கியது. 1952 முதல் பொதுஜனங்களுக்கும் இவ்வறிவிப்பு கிடைக்கலாயிற்று. விலையுயர்ந்த விமானங்கள் நொறுங்கிய ஐந்து நாளிற் கிடைத்த பாதுகாப்பு, பண்ணை வீடுகள் நொறுங்கிய அறுபதாண்டிற் கிடைக்கவில்லை என்பதனை நாம் குறியாது விடற்கில்லை.

மரங்களின் சாட்சியை முழுமையாக்கியவர் ஜப்பானியராகிய டெட்ஸுயா புஜிதா. 1945-ல் கியூஷு தீவில் ஒரு தொழிற்கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், அணுகுண்டு வீழ்ந்த நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் மரங்கள் வீழ்ந்தும் கருகியும் கிடந்த வகையைக் கண்டார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, 1971-ல் சேதத்தைக் கண்டு சுழற்காற்றைத் தரம்பிரிக்கும் அளவுமுறையை வகுத்தார். 1974-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3, 4 தேதிகளில் 148 சுழற்காற்றுகள் வீசிய பின், விமானத்திலிருந்து காடுகளைப் பார்வையிட்டபோது, சிலவிடங்களில் மரங்கள் சுழற்சியாக வீழாது, நடுவிலிருந்து நாற்புறமும் விரிந்து வீழ்ந்திருக்கக் கண்டார். மேகத்தினின்று கீழ்நோக்கிப் பாய்ந்து தரையிலே சிதறும் மற்றொரு காற்று உண்டு என்பது இதனால் விளங்கிற்று. விமானங்கள் இறங்கும்போது அவற்றைத் தரையில் மோதச் செய்த காரணங்களுள் இதுவும் ஒன்றென அறிந்து, விமான நிலையங்களில் காவல் ஏற்பாடுகள் செய்தனர். காட்டிலே வீழ்ந்த மரம் வானிலே செல்வோர் உயிரைக் காத்தது.

புஜிதாவின் அளவுமுறை 2007-ல் திருத்தப்பட்டது. அதில் சாட்சிகளாக ஏற்கப்பட்டவை 28. அவ்வரிசையில் முதலாவது சிறு களஞ்சியமும் பண்ணைப் புறக்கட்டடமும். இரண்டாவது குடும்பம் வாழும் வீடு. கடைசி இரண்டும் மரங்கள், அகன்ற இலையுடையவை ஒன்று, ஊசியிலையுடையவை ஒன்று. சிறு கிளை முறிந்ததா, வேரொடு சாய்ந்ததா, அடிமரம் ஒடிந்ததா, பட்டை உரிந்து பெருங்கிளைகளின் மொட்டைகள் மட்டும் நின்றனவா என்று படிப்படியாகப் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிக்கின்றனர்.

வீட்டின் சாட்சியும் இத்தகையதே. காற்று சுழலும்போது வெளியே அழுத்தம் குறைவதால் வீடு உள்ளிருந்து வெடிக்கின்றது. ஆகையால் ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்று முன்னர்ப் போதித்தனர். சிதைவுகளை ஆராய்ந்தோர் இது தவறெனக் கண்டனர். உடைந்த ஜன்னலாலும் கதவாலும் புகுந்த காற்று கூரையை மேலே தூக்குகின்றது. சுவர்களைப் பிணித்து நிற்பது கூரையே ஆதலால், அது கிளம்பியவுடன் சுவர்கள் சாய்கின்றன. கூரையைச் சுவரோடும் சுவரை அஸ்திவாரத்தோடும் இரும்புப் பட்டையால் இறுகப் பிணித்த வீடு, வெறும் ஆணியறைந்த வீட்டினும் நெடுநேரம் தாங்கும். இதனையும் இடிந்த வீடுகளே கற்பித்தன.

வங்கநாட்டின் துயரம்

இவ்வளவு அறிவு உலகில் உண்டான பின்னரும், அது எல்லாக் கிராமங்களுக்கும் எட்டிவிடவில்லை. 1989-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ந் தேதி மாலையில், நெடுநாள் மழையின்றி வாடியிருந்த வங்கதேசத்தின் மானிக்கஞ்சு ஜில்லாவில், தௌலத்பூர், சாட்டூரியா என்னும் ஊர்களின் வழியே ஒரு சுழற்காற்று சென்றது. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர், பன்னீராயிரவர் காயமுற்றனர், எண்பதினாயிரவர் வீடிழந்தனர். சுழற்காற்றினால் நேர்ந்த பிராண நஷ்டங்களுள் இதனினும் பெரியது குறிக்கப்பட்டதில்லை. 1996-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி டாங்கைல் பக்கத்தில் மீண்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அங்கே குடியானவர் வீடு மூங்கிலாலும் மண்ணாலும் சணற்குச்சியாலும் அமைந்தது. கூரை பெரும்பாலும் தகரம். காற்றிற் பறக்கும் தகரம் வாளாகின்றது. தப்பி ஒதுங்க நிலத்தடி அறை அமைக்கலாமென்றால், கையளவு தோண்டினால் நீர் ஊறும் ஆற்றுவண்டல் நிலம் அது. வீட்டைச் சூழ மாவும் பலாவும் கமுகும் மூங்கிற்புதரும் நிற்கும். அவை அலங்காரத்துக்கு நின்றன அல்ல. நிழலும் கனியும் விறகும் அவையே தந்தன. பெண்ணின் கல்யாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வெட்டி விற்க வைத்திருந்த சேமநிதியும் அவையே. அத்தகைய மரம் வீழ்ந்தபோது, ஏழையின் பெட்டகமே கொள்ளை போயிற்று. ஆனால் சேதக்கணக்கிலே இடிந்த வீடு ஒரு வரியில் ஏறும். வீழ்ந்த மரம் பெரும்பாலும் ஏறுவதில்லை. வீட்டைப் பணம்கொண்டு ஒரு பருவத்திற்குள் எழுப்பலாம். பலாவை எழுப்புவதற்குக் காலம் ஒன்றே உண்டு. காலத்தை எந்த நிதியும் வழங்காது.

நாம் கொள்ளத்தக்கது

தமிழ்நாட்டிற் சுழற்காற்று அரிது, புயல் அரிதன்று. 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது, முன்னறிவிப்பைக் கேட்டு எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் முகாம்களிற் புகுந்திருந்தனர். பெயர் சொல்லிப் புகன்ற எச்சரிக்கையின் பயன் இது. ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு எந்த முகாமும் இல்லை. நெட்டைத் தென்னை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டு செல்லும். தோப்புக்குடையவனுக்கு மரத்துக்கு இவ்வளவென்று நிவாரணம் கணக்கிடப்பட்டது. அம்மரத்தேறிக் காய் பறித்தவனுக்கும், கீற்று முடைந்தவளுக்கும், கயிறு திரித்தவளுக்கும் மரம் சொந்தமில்லையாதலால் அக்கணக்கில் இடமில்லை. நம் முன்னோர் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றே வழங்கினர். பிள்ளையை இழந்த வீட்டுக்குச் செய்யும் உதவி ஒரு நாளில் முடிவதன்று.

ஆகவே, நம் சங்கத்துக் குடும்பத்தினர்க்கு மூன்று விஷயங்களை விண்ணப்பித்துக்கொள்கின்றோம். முதலாவது, காற்றோ வெள்ளமோ நேர்ந்தபின், இடிபாட்டை அகற்றுமுன், எந்த மரம் எத்திசை வீழ்ந்தது, எது நின்றது, எந்தக் கூரை பறந்தது, எது தாங்கியது என்பதனைத் தேதியிட்டு வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எழுத்தறிந்த ஒரு சிறுவனோ சிறுமியோ இதனைச் செய்யலாம். ரெட்பீல்டு செய்தது இதனினும் பெரிதன்று. இரண்டாவது, ஆபத்தை அதன் பெயராலேயே கூறுங்கள். ஜனங்கள் பீதியடைவர் என்று மறைப்பது அவர்களுடைய அறிவை இகழ்வதாகும். அவ்விகழ்ச்சியின் விலையை 1925-ல் குழந்தைகள் கொடுத்தனர். மூன்றாவது, உதவி செய்ய நேரும்போது வீட்டோடு மரத்தையும், மரத்துக்குடையவனோடு அம்மரத்தால் வாழ்ந்தவனையும் கணக்கிற் சேருங்கள். அரிசியும் துணியும் கொடுத்த கையினாலேயே கன்றும் கொடுங்கள். கொடுத்த கன்று காய்க்கும் வரையில் அவ்வூரை மறவாதிருங்கள்.

வீழ்ந்த மனைகளும் மரங்களும் இருநூறு ஆண்டாகத் தம் சாட்சியைச் சொல்லி வந்திருக்கின்றன. அச்சாட்சியைக் கேட்டு அறிவு பெற்றவர் பலர். பெற்ற அறிவை, அது பிறந்த கிராமத்துக்கே, அடுத்த காற்று வருமுன் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நம்மனோர்க்கு எஞ்சியுள்ள கடன்.